மந்தமான நேரத்துல விளம்பரக் காசு எங்க போகணும்: பேப்பருக்கா, போனுக்கா?



சேல்ஸ் குறையுது. மேனேஜ்மென்ட் மீட்டிங்ல செலவைக் குறைக்கணும்னு பேச்சு வருது. முதல்ல எதுல கை வைப்பாங்கன்னு நினைக்கறீங்க? வாடகையைக் குறைக்க பில்டிங் ஓனர் ஒத்துக்க மாட்டாரு. பேங்க் வட்டி நிக்காது. ஆளை அனுப்பினா நோட்டீஸ் பீரியட், செட்டில்மென்ட்னு அதுக்கே செலவு. மிச்சம் இருக்கறது டிராவல், டிரெயினிங், விளம்பரம். இந்த மூணுல பெரிய தொகை பெரும்பாலும் விளம்பரம்தான். அதனால முதல் வெட்டு அங்கதான் விழும்.

"இது மார்க்கெட்டிங்காரங்க கவலை சார், மாசச் சம்பளம் வாங்கற எனக்கு எதுக்கு?"ன்னு கேட்கலாம். ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, உங்க எஸ்ஐபி காசு போய் உக்கார்ற கம்பெனிகள் எடுக்கற முடிவு இது. ரெண்டாவது, வேலை நிலைக்குமான்னு பயம் வரும்போதெல்லாம் நிறைய பேர் ஒரு சைடு பிசினஸ் ஆரம்பிக்கறாங்க. வீட்ல அம்மா அரைக்கற பொடி, மனைவியோட பேக்கிங், நண்பரோட சேர்ந்து டி-ஷர்ட்னு. ஆரம்பிச்ச முதல் மாசமே போன்ல விளம்பரம் போட ஆரம்பிச்சிடறாங்க. சேமிப்புல 50,000 ரூபாய் எப்படிக் கரைஞ்சதுன்னே தெரியாம கணக்கைத் தூக்கிட்டு என்கிட்ட வர்றவங்க உண்டு. அந்த 50,000-க்காகத்தான் இந்தக் கட்டுரை.

கணக்குப் புத்தகம் விளம்பரத்தை எப்படிப் பார்க்குது?

ஒரு கம்பெனி 10 லட்சத்துக்கு மெஷின் வாங்கினா அது சொத்து. வருஷா வருஷம் தேய்மானம்னு கொஞ்சம் கொஞ்சமா செலவுல எழுதுவாங்க. அதே 10 லட்சத்தை விளம்பரத்துக்குக் கொடுத்தா, முழுசும் அந்த வருஷச் செலவு. விளம்பரத்தால உருவாகற பேரு அஞ்சு வருஷம் நின்னாலும் சரி, அதை பேலன்ஸ் ஷீட்ல சொத்துன்னு காட்ட முடியாது. இண்ட் ஏஎஸ் 38-ங்கற கணக்கியல் தரநிலை இதைத் தெளிவாவே சொல்லுது: விளம்பரச் செலவு நடக்கும்போதே செலவா எழுதிடணும்.

இதோட விளைவு என்னன்னு பாருங்க. விளம்பரத்துல ஒரு கோடி வெட்டினா, இந்தக் காலாண்டு லாபம் ஒரு கோடி கூடும். வெட்டினதால நழுவிப்போன கஸ்டமர் எந்தத் தலைப்புலயும் வர மாட்டாரு. அந்த நஷ்டம் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழிச்சு "டிமாண்ட் மந்தம்"னு வேற பேர்ல வந்து நிக்கும். அப்போ வெட்டின மேனேஜர் வேற கம்பெனிக்குப் போயிருப்பாரு.

அதனால ஷேர் வாங்கறவங்களுக்கு ஒரு சின்ன வேலை. சோப்பு, பிஸ்கட், பெயின்ட் மாதிரி பிராண்டை நம்பி ஓடற கம்பெனியா இருந்தா, ஆண்டறிக்கையில "இதர செலவுகள்" குறிப்புல விளம்பரம், விற்பனை ஊக்குவிப்புன்னு ஒரு வரி இருக்கும். விற்பனை அப்படியே இருக்கு, லாபம் மட்டும் ஏறியிருக்குன்னா முதல்ல அந்த வரியைப் பாருங்க. லாபம் அங்கிருந்து வந்திருந்தா, அது சம்பாதிச்ச லாபம் இல்ல, அடுத்த வருஷத்துகிட்ட கடன் வாங்கினது.

மந்தத்துல விளம்பரம் போட்டவங்க

இதுக்கு நாம அமெரிக்கா வரைக்கும் போகவே வேண்டாம். ஆடி மாசத்தை எடுத்துக்குங்க. கல்யாணம் கிடையாது, புதுக் காரியம் கிடையாது, ஜவுளிக்கு வறண்ட மாசம். ஆனா தி.நகர் கடைகளோட முழுப் பக்க விளம்பரம் பேப்பர்ல எப்போ குவியுது? அதே ஆடியிலதான். வியாபாரம் இல்லாத மாசத்துல தள்ளுபடியும் விளம்பரமும் சேர்த்துப் போட்டு, அதையே ஒரு சீசனா மாத்திட்டாங்க. ஸ்டாக் காசாகணும், கடையில இருக்கற ஆளுக்குச் சம்பளம் போகணும். கணக்குத் தெரிஞ்ச வியாபாரிங்க.

மேனேஜ்மென்ட் புத்தகக்காரங்க திரும்பத் திரும்பச் சொல்ற கதை 1930-கள்ல நடந்தது. அமெரிக்காவுல பெருமந்தம். காலைச் சாப்பாட்டு தானியம் விக்கற ரெண்டு பெரிய கம்பெனி, போஸ்ட், கெல்லாக். ரெண்டும் மிச்சிகன் மாநிலத்துல பேட்டில் கிரீக்ங்கற ஒரே ஊர்ல பிறந்த கம்பெனிகள். மந்தம் வந்ததும் போஸ்ட் விளம்பரத்தைக் குறைச்சுது. கெல்லாக் ரெண்டு மடங்காக்குச்சு. அதோட, அப்போ புதுசா வளர்ந்துட்டிருந்த ரேடியோவுல இறங்கி, ரைஸ் கிரிஸ்பீஸ்ங்கற புதுச் சரக்கைத் தள்ளுச்சு. 1933-ல நாடே தரையில கிடக்கும்போது கெல்லாக் லாபம் கிட்டத்தட்ட 30% ஏறியிருந்துது. அதுக்கப்புறம் முதல் இடம் கெல்லாக்குக்குத்தான்.

நல்ல கதைதான். ஆனா இதை உங்ககிட்ட சொல்றது யாருன்னு கவனிங்க. பெரும்பாலும் விளம்பர ஏஜென்சி ஆளுங்க. மந்தத்துல விளம்பரத்தைக் கூட்டி, கடன்ல மூழ்கின கம்பெனியோட கதையை யாரும் எழுதி வைக்கல. கெல்லாக்கால கூட்ட முடிஞ்சதுன்னா அதுக்குக் கையில காசு இருந்துது, மந்தத்துலயும் ஜனங்க சாப்பிடற பொருளை வித்துது. ரெண்டுல ஒண்ணு இல்லாதவங்க இந்தக் கதையைப் படிச்சுட்டு கிரெடிட் கார்டைத் தேய்க்கக் கூடாது.

அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ரேடியோதான். அன்னிக்குப் பேப்பர் பழசு, ரேடியோ புதுசு. இன்னிக்கு நாம பேப்பரா போனான்னு கேக்கற அதே கேள்வியை அன்னிக்கும் கேட்டிருக்காங்க.

2009-ல என்ன ஆச்சு?

2008 நெருக்கடியில பழைய மீடியாவும் புது மீடியாவும் ஒரே நேரத்துல அடி வாங்குச்சு. ஆனா அடியோட அளவு வேற. அமெரிக்கப் பத்திரிகைகளோட அச்சு விளம்பர வருமானம் 2005-ல சுமார் 4,700 கோடி டாலர். 2009-ல சுமார் 2,500 கோடி. நாலு வருஷத்துல ஏறக்குறைய பாதி. இன்டர்நெட் விளம்பரம்? 2008-ல 2,340 கோடி டாலர், 2009-ல 2,270 கோடி. வெறும் 3% சொச்சம்தான் இறக்கம். 2010-ல 2,600 கோடியைத் தொட்டுடுச்சு. பிரிட்டன்ல 2009 முதல் பாதியிலேயே ஆன்லைன் விளம்பரம் டிவி விளம்பரத்தைத் தாண்டிடுச்சு.

பொருளாதாரம் மீண்ட பிறகும் பேப்பருக்கு அந்தக் காசு திரும்ப வரல. காரணம் ரொம்ப எளிமை. நல்ல காலத்துல மார்க்கெட்டிங் ஹெட் பழக்கத்துல செலவு பண்ணுவாரு. "எப்பவும் இந்தப் பேப்பர்லதான் போடுவோம்"னு ஓடிட்டிருக்கும். கெட்ட காலம் வந்தா, ஃபைனான்ஸ்ல எங்கள மாதிரி ஒரு ஆள் உக்காந்துகிட்டு "இந்த 5 லட்சத்துக்கு எத்தனை கஸ்டமர் வந்தாங்க?"ன்னு கேப்பான். பேப்பர் விளம்பரத்துக்கு அதுல பதில் கிடையாது. ஆன்லைனுக்கு ஒரு பதில் இருந்துது. அந்தப் பதில் சரியா தப்பாங்கறது வேற விஷயம், அதுக்குக் கீழே வர்றேன்.

2020 இன்னும் விசித்திரம். ஏப்ரல், மே மாசத்துல நம்ம வீட்டுக்கு வந்த பேப்பர் எவ்வளவு மெலிஞ்சு போச்சுன்னு ஞாபகம் இருக்கும். அதே ஜூன் காலாண்டுல கூகுளோட தாய்க் கம்பெனி ஆல்பபெட்டுக்கே சரித்திரத்துல முதல் தடவையா வருமானம் 2% குறைஞ்சுது. ஃபேஸ்புக் வருமானம் மட்டும் 11% ஏறுச்சு. ஆனா ஃபேஸ்புக்ல ஒரு விளம்பரத்தோட சராசரி விலை 21% இறங்கியிருந்துது!

விலை இறங்கியும் வருமானம் ஏறினது எப்படி? அங்க விளம்பர இடம் ஏலத்துல போகுது. உங்க போன்ல ஒரு விளம்பரம் வர்றதுக்கு முன்னாடி, நொடிக்கும் குறைவான நேரத்துல பல பேர் அந்த இடத்துக்குப் போட்டி போடறாங்க. ஏர்லைன்ஸ், ஹோட்டல்னு பெரிய ஆளுங்க ஏலத்தை விட்டு விலகினா, சின்ன ஆளுக்கு அதே இடம் மலிவாக் கிடைக்குது. அப்போ ஜனங்களும் வீட்ல உக்காந்து போனையே பார்த்துட்டிருந்ததால இடங்களும் கூடிப்போச்சு. பேப்பர்லயும் மந்த காலத்துல பேரம் பேசலாம், தள்ளுபடி கிடைக்கும். ஆனா அந்தத் தள்ளுபடி வருஷக் கணக்குல இடம் வாங்கறவனுக்குத்தான். உங்களுக்கும் எனக்கும் ரேட் கார்டைத்தான் நீட்டுவாங்க.

டாஷ்போர்டு சொல்றதெல்லாம் உண்மையா?

ஆன்லைன்ல எல்லாத்தையும் அளக்கலாம்னு சொல்றாங்க இல்லையா, அதுக்கு ஈபே கம்பெனி 2012-ல ஒரு சோதனை பண்ணுச்சு. யாராவது சர்ச்ல "ஈபே"ன்னு டைப் பண்ணா மேல அவங்க விளம்பரம் வரும், அதை கிளிக் பண்ணா ஈபே காசு கொடுக்கணும். ரிப்போர்ட்ல இந்த விளம்பரம் பிரமாதமா வேலை செய்யற மாதிரிதான் தெரிஞ்சுது. சில சர்ச் தளங்கள்ல அதை நிறுத்திப் பார்த்தாங்க. வந்துட்டிருந்த கிளிக்ல 99.5% அப்படியே வந்துது, கீழ இருக்கற இலவச லிங்க் வழியா. ஈபேன்னு டைப் பண்றவன் ஈபேக்குத்தானே போவான்! வீட்டு வாசலுக்கு வந்தவனை உள்ள கூப்பிடறதுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் கொடுத்துட்டிருந்திருக்காங்க.

ஏர்பிஎன்பியும் இதே பாடத்தை வேற வழியில படிச்சுது. 2019-ல விற்பனை, மார்க்கெட்டிங்க்கு 160 கோடி டாலருக்கு மேல செலவு பண்ண கம்பெனி. 2020 மார்ச்ல அத்தியாவசியம் இல்லாத மார்க்கெட்டிங் எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. அந்த வருஷம் முதல் ஒன்பது மாசத்துல அவங்க தளத்துக்கு வந்தவங்கள்ல சுமார் 91% பேர் விளம்பரம் இல்லாமலே வந்தாங்கன்னு ஐபிஓ ஆவணத்துல அவங்களே எழுதியிருக்காங்க.

உடனே "அப்போ ஆன்லைன் விளம்பரமே வேஸ்ட்"னு முடிவு கட்டாதீங்க. ஏர்பிஎன்பிங்கற பேர் உருவாக பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஈபே சோதனையிலயே இன்னொரு பாதி இருக்கு, அதை நிறைய பேர் சொல்றதில்ல: அடிக்கடி வாங்கறவங்ககிட்ட விளம்பரத்தால பலன் இல்ல, ஆனா புதுசா வர்றவங்க, எப்பவாவது வாங்கறவங்ககிட்ட பலன் இருந்துது. அதாவது, உங்களைத் தெரியாதவங்களுக்குத் தெரியப்படுத்தத்தான் விளம்பரம். உங்க பொடியை யாருக்கும் தெரியாது. அதனால உங்க பிரச்சினை ஈபே பிரச்சினைக்கு நேர் எதிர்.

இப்போ நம்ம கணக்கு

ஒரு சாம்பார் பொடி பிசினஸ்னு வெச்சுக்குவோம். இதுல வர்ற எண்கள் கணக்கு புரியறதுக்காக நான் போட்டது, உங்க எண்ணை நீங்க மாத்திப் போட்டுக்குங்க.

ஒரு பாக்கெட் விலை 200 ரூபாய். மல்லி, மிளகாய், பருப்பு, மில்லு கூலி எல்லாம் சேர்த்து 90. கவர், லேபிள் 10. கூரியர் 50. கையில நிக்கறது 50 ரூபாய்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல 5,000 ரூபாய்க்கு விளம்பரம் போடறீங்க. 60 ஆர்டர் வருது. டாஷ்போர்டு என்ன சொல்லும்? 5,000 போட்டு 12,000 ரூபாய் விற்பனை, அதாவது 2.4 மடங்கு வருமானம். ஆகா! ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ்ல வெச்சுடுவோம்.

இப்போ சிஏ கண்ணாடியைப் போட்டுப் பாருங்க. 5,000-க்கு மேல 18% ஜிஎஸ்டி 900, ஆக செலவு 5,900. 60 ஆர்டருக்கு 50 ரூபாய் வீதம் கையில நின்னது 3,000. நஷ்டம் 2,900. ஒவ்வொரு புது கஸ்டமருக்கும் விளம்பரத்துக்கு மட்டும் 98 ரூபாய் கொடுத்து, 50 ரூபாய் சம்பாதிச்சிருக்கீங்க. டாஷ்போர்டுக்கு உங்க மில்லு கூலியும் தெரியாது, கூரியரும் தெரியாது. அது விற்பனையைத்தான் காட்டும், லாபத்தை இல்ல.

ஆனா கதை இங்க முடியல. அந்த 60 பேர்ல 20 பேருக்குப் பொடி பிடிச்சுப்போய், வாட்ஸ்அப்லயே ஆளுக்கு இன்னும் நாலு தடவை வாங்கினாங்கன்னா? 80 ஆர்டர், 4,000 ரூபாய், விளம்பரச் செலவு இல்லாம. 2,900 நஷ்டம் அடைஞ்சு 1,100 லாபம். ஆக, ஒரு கஸ்டமர் சராசரியா ரெண்டு தடவையாவது வாங்கினாத்தான் போட்ட காசு திரும்பும். திரும்ப வாங்காத பொருளுக்கு, உதாரணமா கல்யாணப் பத்திரிகை டிசைனுக்கு, இந்தக் கணக்கு ஓடாது. அங்க முதல் ஆர்டர்லயே விளம்பரச் செலவு வெளிய வந்தாகணும்.

அதே பொடிக்குப் பழைய வழி. உங்க ஏரியாவுல ரெண்டாயிரம் நோட்டீஸ், பேப்பர் போடற பையன்கிட்ட கொடுத்து உள்ள வெக்கறதுக்கும் சேர்த்து 3,000 ஆச்சுன்னு வெச்சுக்குவோம். 35 ஆர்டர் வருது, நீங்களே வண்டியில கொண்டு போய்க் கொடுக்கறீங்க, கூரியர் மிச்சம். ஆர்டருக்கு 100 நிக்குது, பெட்ரோலை இப்போதைக்கு விட்டுடுவோம். 3,500 வந்து, 500 லாபம். முதல் ரவுண்ட்லயே! கேவலமா நினைக்கற நோட்டீஸ் ஜெயிச்சுது, காரணம் நோட்டீஸ் இல்ல, கூரியர்.

அதுக்காக மாசா மாசம் அதே தெருவுக்கு நோட்டீஸ் விட முடியாது. ரெண்டாவது ரவுண்ட்ல 35 வராது. அளக்கறதும் கஷ்டம், அதுக்கு ஒரு வழி: நோட்டீஸ்ல மட்டும் வேற போன் நம்பர் கொடுங்க, இல்லன்னா "இந்த நோட்டீஸைக் காட்டினா 20 ரூபாய் தள்ளுபடி"ன்னு போடுங்க. எத்தனை நோட்டீஸ் திரும்பி வந்துதுன்னு எண்ணினா போதும்.

என்னைக் கேட்டா, மந்த காலத்துல ஆன்லைன் விளம்பரத்தோட பெரிய பலம் மலிவு இல்ல. நினைச்ச நிமிஷம் நிறுத்தலாம்ங்கறதுதான். ஒரு நாளைக்கு 200 ரூபாய்னு வரம்பு வெச்சு, பத்து நாள் பார்த்து, சரி வரலன்னா நிறுத்திடலாம். போர்டு வெச்சா மூணு மாச வாடகை, கேபிள் டிவியில போட்டா பேக்கேஜ், பேப்பர்ல போட்டா ஒரே நாள்ல மொத்தக் காசும் போயிடும். வேலை போகுமோங்கற பயத்துல இருக்கறவனுக்கு, நிறுத்த முடியற செலவுதான் பாதுகாப்பான செலவு. அந்தப் பலத்தை நாமளே கெடுத்துக்கறது எப்படின்னா, கிரெடிட் கார்டை இணைச்சுட்டு வரம்பு வெக்காம விட்டுடறது. கார்டு பாக்கியை உருட்டினா வருஷத்துக்கு 36%, 42%ன்னு வட்டி போகும். எந்தச் சாம்பார் பொடியும் அதைத் தாங்காது. தனி டெபிட் கார்டு, தனி அக்கவுன்ட், அதுல விளம்பரத்துக்கு ஒதுக்கின தொகை மட்டும். ஆறு மாச வீட்டுச் செலவுக்கான அவசர நிதியை அந்த அக்கவுன்ட் தொடவே கூடாது.

யாரும் சொல்லாத ஜிஎஸ்டி விஷயம்

பேப்பர்ல விளம்பர இடம் வாங்கினா ஜிஎஸ்டி 5%. ஆன்லைன், டிவி, ரேடியோன்னா 18%. ஜிஎஸ்டி பதிவு இருக்கறவங்க இதை உள்ளீட்டு வரியா எடுத்துக்கலாம், அவங்களுக்கு வித்தியாசம் பெருசா இல்ல. பதிவு இல்லாத உங்களுக்கு 18%-உம் சொந்தச் செலவு.

அதைவிட முக்கியமானது ஒண்ணு. தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் பொருள் வித்தா, வருஷம் 40 லட்சம் வரைக்கும் பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவையில்ல. ஆனா வேற மாநிலத்துக்குப் பொருள் வித்தா, ஒரு பாக்கெட்டா இருந்தாலும், சில விதிவிலக்குகளைத் தவிர்த்து, பதிவு கட்டாயம். விளம்பரம் போடும்போது "இந்தியா முழுக்க"ன்னு ஒரு ஆப்ஷனைத் தட்டிடுவோம். பெங்களூர்ல இருந்து ஆர்டர் வரும், சந்தோஷமா அனுப்பிடுவோம். அங்கதான் சிக்கல். பதிவு எடுக்கத் தயாரா இல்லன்னா, விளம்பர செட்டிங்ல இடத்தைத் தமிழ்நாடுன்னு மட்டும் வைங்க. அண்ணா நகர்ல விக்கற ஆளுக்கு சென்னைன்னே போதும், கூரியர் காசும் குறையும். சாப்பாட்டுப் பொருள்னா எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு முதல் பாக்கெட்டுக்கு முன்னாடியே வேணும், அதுல தயவு தாட்சண்யம் கிடையாது. உங்க ஆஃபர் லெட்டர்ல வேற தொழில் பண்ணக் கூடாதுன்னு வரி இருக்கான்னும் பார்த்துக்குங்க.

வருமான வரியில, சின்ன பிசினஸுக்கு ஊக வருமானத் திட்டம், 1961 சட்டத்துல 44ஏடின்னு சொல்வோமே, அது எடுத்தீங்கன்னா யூபிஐ, பேங்க் வழியா வந்த விற்பனையில 6%, ரொக்கத்துல 8% லாபம்னு காட்டினா போதும். கணக்குப் புத்தகம் வெக்க வேண்டாம். ஆனா விளம்பரச் செலவைத் தனியாக் கழிக்க முடியாது, அந்த 6%-லயே எல்லாம் அடக்கம். முதல் வருஷம் விளம்பரத்துக்கு நிறையக் கொட்டி நிஜமாவே நஷ்டம்னா, அதைக் காட்டி முன்னெடுத்துப் போக முறையான கணக்கு வேணும், தணிக்கை தேவையான்னும் பார்க்கணும். அதனால கூகுள், மெட்டா அனுப்பற மாதாந்திர இன்வாய்ஸை மெயில்ல இருந்து டவுன்லோட் பண்ணி ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. கார்டு ஸ்டேட்மென்ட் மட்டும் போதாது, இன்வாய்ஸ் வேணும்.

மேல போட்ட பொடிக் கணக்கை அப்படியே எக்செல்ல போட்டு, விலை, கூரியர், விளம்பரச் செலவு மூணையும் மாத்திப் பார்க்கற மாதிரி இந்த வார வீடியோவுல செஞ்சு காட்டியிருக்கேன். உங்க எண்களைப் போட்டு, ஒரு கஸ்டமர் எத்தனை தடவை வாங்கினா உங்க காசு திரும்புதுன்னு முதல்ல கண்டுபிடிங்க. அந்த எண் மூணைத் தாண்டுச்சுன்னா, விளம்பர பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி விலையையோ கூரியரையோ சரி பண்ணுங்க.